காரில் போய் டென்ட் போட்டுத் தங்க: முதல் பயணத்துக்கான ஏற்பாடு

காரில் சாமான்களை ஏற்றிக்கொண்டு போய், கார் நிற்கிற இடத்துக்குப் பக்கத்திலேயே டென்ட் போட்டு இரண்டு ராத்திரி தங்கிவிட்டு வருவது பற்றித்தான் இந்தக் கட்டுரை. மலையேற்றம் கிடையாது, முதுகில் மூட்டை கிடையாது. கார்தான் சுமக்கிறதே என்று வீட்டில் பாதியை ஏற்றிக்கொண்டு போகிறவர்கள் நிறைய. மடக்கு நாற்காலி, புளூடூத் ஸ்பீக்கர், பார்பிக்யூ அடுப்பு எல்லாம் இருக்கும். முதுகுக்கும் தரைக்கும் நடுவில் போட ஒரு நல்ல விரிப்பு இருக்காது. விடிகாலை மூன்று மணிக்குக் குடும்பமே நடுங்கிக்கொண்டு காருக்குள் போய் உட்காரும். முதல் ராத்திரி எல்லாரும் நன்றாகத் தூங்கிவிட்டால் மற்றதெல்லாம் தானாகச் சரியாகும். அதனால் பணத்தையும் கவனத்தையும் படுக்கை, டென்ட், தண்ணீர் என்ற வரிசையில் செலவிடுங்கள்.

கணக்குக்கு ஓர் உதாரணம் எடுத்துக்கொள்வோம்: பெரியவர்கள் இருவர், குழந்தைகள் இருவர், ஒரு சின்ன கார், சென்னையிலிருந்து ஏலகிரி, வெள்ளி மாலை முதல் ஞாயிறு மதியம் வரை. ஏலகிரி முதல் பயணத்துக்கு ஏற்ற இடம். தூரம் சுமார் 230 கிலோமீட்டர், கொண்டை ஊசி வளைவுகள் 14 மட்டும், உயரம் சுமார் 1,100 மீட்டர். ஏதாவது மறந்துவிட்டால் ஜோலார்பேட்டையும் வாணியம்பாடியும் கீழேயே இருக்கின்றன.

1. முதலில் இடம், பிறகுதான் சாமான்

"எங்கேயாவது நல்ல இடமாகப் பார்த்துப் போட்டுக்கொள்ளலாம்" என்ற எண்ணத்தோடு கிளம்பாதீர்கள். சாலையோரம் அழகாகத் தெரியும் காடு பெரும்பாலும் காப்புக்காடு. அனுமதியில்லாமல் உள்ளே போவதே தமிழ்நாடு வனச் சட்டத்தின்படி குற்றம். புலிகள் காப்பகம், சரணாலயம் என்றால் 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டமும் சேரும். அணைக்கரை, ஆற்றுப்படுகை வேண்டவே வேண்டாம். மேலே எங்கோ பெய்த மழைக்குக் கீழே வெயில் அடிக்கும்போதே ஆற்றில் தண்ணீர் ஏறும்.

அதனால் முதல் பயணத்துக்கு, பட்டா நிலத்தில் முறையான அனுமதியோடு நடக்கிற தனியார் முகாம் இடமோ, புல்வெளியில் டென்ட் போட ஒத்துக்கொள்கிற தங்கும் விடுதியோதான் சரி. போனில் பேசும்போது இவற்றைக் கேட்டுவிடுங்கள்:

- எங்கள் டென்ட்டை நாங்களே கொண்டுவரலாமா? (பல இடங்களில் அவர்களுடைய டென்ட்டில் மட்டும்தான் தங்க விடுவார்கள்.)
- கார் டென்ட் வரைக்கும் வருமா, எவ்வளவு தள்ளி நிறுத்த வேண்டும்? 200 மீட்டர் தள்ளி நிறுத்தச் சொன்னால் உங்கள் சாமான் பட்டியலே மாறிவிடும்.
- கழிப்பறையில் ராத்திரியும் தண்ணீர் வருமா, விளக்கு உண்டா?
- தரை மண்ணா, புல்லா, சிமென்ட்டா? சிமென்ட் என்றால் முளை அடிக்க முடியாது.
- சமைக்கலாமா? தீ மூட்டத் தனி இடம் உண்டா?
- டென்ட் தங்கலுக்கு மாவட்ட நிர்வாகத்தின் அனுமதி இருக்கிறதா?

கடைசிக் கேள்வியைக் கூச்சப்பட்டு விட்டுவிடாதீர்கள். 2021 ஜனவரியில் வயநாட்டில், விடுதி டென்ட்டில் தங்கியிருந்த ஒரு பெண்ணை யானை கொன்றது. நீலகிரியிலும் கொடைக்கானலிலும் டென்ட் தங்கலுக்கு நிர்வாகம் தடை போட்டு நடவடிக்கை எடுத்திருக்கிறது. இணையத்தில் விளம்பரம் இருக்கிறது என்பதால் அனுமதியும் இருக்கிறது என்று ஆகிவிடாது. சரியான பதில் வரவில்லையென்றால் முன்பணம் கட்டாதீர்கள். அந்த இரண்டு மலைகளுக்கும் போவதென்றால், முதல் தடவை அறையெடுத்துத் தங்குவதே நல்லது.

2. தேதி

ஏலகிரி, ஏற்காடு பக்கம் ஜனவரியும் பிப்ரவரி முதல் பாதியும் சிறந்த காலம். அக்டோபர் முதல் டிசம்பர் நடுப்பகுதி வரை வடகிழக்குப் பருவமழை. ஜூன் முதல் செப்டம்பர் வரை வால்பாறை, நீலகிரி மேற்குச் சரிவு பக்கம் போனால் மழையோடு அட்டையும் சேரும். பிப்ரவரி பின்பாதி முதல் ஏப்ரல் வரை காட்டுத்தீக் காலம். 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறப் போனவர்கள் காட்டுத்தீயில் சிக்கி இறந்த கொடுமை இந்தக் காலத்தில்தான். அந்த மாதங்களில் முகாம்காரர் அனுமதித்தால்கூட வெளியே தீ மூட்டாதீர்கள்.

மூன்று நாள் தொடர்விடுமுறையைத் தவிருங்கள். ஞாயிறு மாலை மலை இறங்கும் நெரிசலில் சிக்கினால், இரண்டு நாள் ஓய்வும் அந்த இரண்டு மணி நேரத்தில் போய்விடும். ஞாயிறு காலை 11 மணிக்கே இறங்கிவிடுகிற மாதிரி திட்டமிடுங்கள்.

3. காகிதங்கள்

ஓட்டுநர் உரிமம், ஆர்.சி., காப்பீடு, புகைச்சான்று. டிஜிலாக்கரிலோ எம்பரிவாகன் செயலியிலோ இருந்தால் அதுவே செல்லும். ஆனால் மலையில் சிக்னல் போய்விடும், எனவே கிளம்புமுன் செயலியைத் திறந்து எல்லாம் தெரிகிறதா பாருங்கள், ஒரு நகலையும் காரில் போட்டு வையுங்கள். பலர் கோட்டை விடுவது புகைச்சான்றில்தான். அதன் கடைசித் தேதி யாருக்கும் நினைவிருப்பதில்லை. தங்குகிற பெரியவர்கள் அனைவருக்கும் ஆதாரோ வேறு அடையாள அட்டையோ வேண்டும். ஓட்டுநருடையது மட்டும் போதாது. ஃபாஸ்டேகில் போக வரத் தேவையான பணத்தை முதல் நாளே போட்டுவிடுங்கள்.

நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே 7 முதல் இ-பாஸ் கட்டாயம். தமிழ்நாடு அரசின் தளத்தில் வாங்கலாம், கட்டணம் இல்லை. வண்டி எண், ஆட்களின் எண்ணிக்கை, வருகிற தேதி, திரும்புகிற தேதி, தங்கும் இடம் கேட்பார்கள். 2025 கோடையில் உயர் நீதிமன்றம் நாளொன்றுக்கு இத்தனை வண்டிதான் என்று வரம்பும் வைத்தது: நீலகிரிக்கு வாரநாளில் 6,000, வார இறுதியில் 8,000, கொடைக்கானலுக்கு 4,000, 6,000. கோடையில் போகிறவர்கள் அறையை முன்பதிவு செய்யும் அன்றே இ-பாஸையும் எடுத்துவிடுங்கள். இந்த இரண்டு இடங்களுக்கும் ஒருமுறை பயன்படுத்தி எறியும் தண்ணீர் பாட்டில், பிளாஸ்டிக் தட்டு, டம்ளர் கொண்டுபோகாதீர்கள். சோதனைச் சாவடியிலேயே பிடுங்கிவிடுவார்கள்.

முதுமலை, பந்திப்பூர் வழியாக மைசூர் பக்கம் போகிறவர்கள் கவனிக்க: பந்திப்பூர் காட்டுச் சாலை இரவு 9 முதல் காலை 6 வரை மூடியிருக்கும். திம்பம் மலைப்பாதையிலும் இரவுத் தடை உண்டு. எட்டேமுக்காலுக்குள் போய்விடலாம் என்று கணக்குப் போட்டு மிதிக்காதீர்கள்.

4. டென்ட்

பெட்டியில் "நாலு பேர்" என்று போட்டிருப்பதை நம்ப வேண்டாம். ஆளுக்கு 55 முதல் 60 சென்டிமீட்டர் என்று மத்தி மீன் அடுக்குவதுபோலக் கணக்கிட்டுப் போடுவார்கள். பெரியவர் இருவர், சின்னக் குழந்தைகள் இருவர், இரண்டு பை என்றால் நாலு பேர் டென்ட் சரியாக இருக்கும். நாலு பெரியவர்கள் என்றால் ஆறு பேர் டென்ட், இல்லையென்றால் இரண்டு சிறியவை.

வாங்கும்போது பார்க்க வேண்டியது இரண்டுதான். முதலாவது, இரட்டை அடுக்கு: உள்ளே வலைத்துணி அறை, அதன் மேல் தனியாக ஒரு மழைத்துணி. நாலு பேர் விடும் மூச்சில் ஒரே ராத்திரியில் ஒரு லிட்டர் அளவுக்குக்கூட ஈரம் சேரலாம். ஒற்றை அடுக்கு டென்ட்டில் அந்த ஈரம் குளிர்ந்த துணியில் பட்டு, விடிகாலையில் முகத்தில் சொட்டும். மழை ஒழுகுகிறது என்று கடைக்காரரோடு சண்டைக்குப் போகிறவர்களில் பாதிப் பேருக்கு ஒழுகியது மழையே இல்லை. இரண்டாவது, நீர்த்தாங்கும் அளவு, அதாவது எத்தனை மில்லிமீட்டர் உயரத் தண்ணீரின் அழுத்தம் வரை துணி கசியாமல் தாங்கும் என்பது: மழைத்துணிக்கு 1,500 முதல் 2,000 மில்லிமீட்டர், தரைத்துணிக்கு அதைவிடக் கூடுதலாக. இணையத்தில் 1,500 ரூபாய்க்குக் கிடைக்கும், தூக்கிப் போட்டால் தானாக விரியும் டென்ட்டில் பெரும்பாலும் இந்த அளவே போட்டிருக்காது. பூங்காவில் பகலில் நிழலுக்கு உட்கார அது சரி, ராத்திரிக்கு ஆகாது.

கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பே மொட்டைமாடியில் ஒரு தடவை விரித்துப் பாருங்கள். முளைக்குப் பதில் செங்கல் கட்டிக்கொள்ளலாம். கம்புகள் எல்லாம் இருக்கின்றனவா, ஜிப் சிக்குகிறதா என்று பார்த்துவிட்டு, இரண்டு குடம் தண்ணீரை மேலே ஊற்றுங்கள். தையலில் கசிந்தால், தையல்மேல் பூசும் சீலன்ட் வாங்கி உள்பக்கமாகத் தடவி ஒரு நாள் காயவிடுங்கள். கூடவே வரும் முளைகள் பெரும்பாலும் மெல்லிய கம்பிதான்; நம் ஊர் சரளை மண்ணில் நாலு அடியில் வளைந்துவிடும். இரும்புக்கடையில் 8 மில்லிமீட்டர் கம்பியை ஓரடி நீளத்துக்கு வெட்டி, ஒரு முனையை வளைத்து எட்டுப் பத்து வாங்கிக்கொள்ளுங்கள். சுத்தியல் மறக்க வேண்டாம்.

தனியாக ஒரு தார்ப்பாய், 12-க்கு 15 அடி, ஓரத்தில் கண்ணி வைத்தது. சமைக்கிற இடத்துக்கு மேலே கட்ட அது வேண்டும். நாலு மில்லிமீட்டர் நைலான் கயிறு 30 மீட்டர்.

5. படுக்கை

குளிர் மேலேயிருந்து வருகிறது என்று நினைத்துக் கம்பளிமேல் கம்பளியாகப் போர்த்துகிறோம். உடம்புச் சூட்டை உறிஞ்சுவது தரை. உடம்பு பாரத்தில் அடியிலுள்ள பஞ்சு நசுங்கிவிடுவதால், விலையுயர்ந்த ஸ்லீப்பிங் பேக்கும் முதுகுப் பக்கம் வேலை செய்யாது. காற்றடைக்கும் மெத்தையும் ஏமாற்றும். உள்ளே இருக்கும் காற்று தரையின் குளிரை வாங்கி மேலே கொடுத்துக்கொண்டே இருக்கும், ஒரு முள் குத்தினால் கதை முடிந்தது.

சரியான அடுக்கு இது. டென்ட் தரையின் மேல் ஒரு கோரைப்பாய், அதன்மேல் ஆளுக்கு 10 மில்லிமீட்டர் தடிமனுள்ள ஃபோம் விரிப்பு, அதன்மேல் பவானி ஜமுக்காளம். குழந்தைகள் விளையாடும் ஒன்றோடொன்று கோர்க்கிற ஃபோம் சதுரங்கள் வீட்டில் இருந்தால் அவற்றையே எடுத்துக்கொள்ளுங்கள், காசு மிச்சம். கோரைப்பாய் ஈரத்தையும் சிறு கற்களையும் தடுக்கும், கனமும் இல்லை.

உயரம் 1,000 மீட்டர் கூடினால் வெப்பம் சுமார் ஆறரை டிகிரி குறையும். ஜனவரியில் ஏலகிரி ராத்திரி 15 டிகிரிக்குக் கீழே இறங்கலாம். அதற்கு ஆளுக்கு ஒரு தடித்த கம்பளியும் காலுறையும் குல்லாவும் போதும். ஊட்டி உயரம் வேறு கதை, டிசம்பர், ஜனவரியில் உறைபனியே விழும். ஸ்லீப்பிங் பேக் வாங்கினால் அதில் இரண்டு மூன்று வெப்ப அளவு போட்டிருக்கும். வசதியாகத் தூங்குவதற்கான அளவை மட்டும் பாருங்கள். மிகக் குறைவாகப் போட்டிருப்பது உயிர் பிழைக்கும் அளவு. தலையணையை வீட்டிலிருந்தே எடுத்துப் போங்கள், இடத்தை அடைத்தாலும் பரவாயில்லை. பகலில் போட்ட உடையோடு படுக்காதீர்கள், வியர்வை ஈரம் ராத்திரி குளிராக மாறும்.

காருக்குள்ளேயே படுப்பதென்றால், ஏ.சி.க்காக இன்ஜினை ஓட விட்டுத் தூங்கக் கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே இல்லை. எதிரெதிர் ஜன்னல்களை இரண்டு விரல் அளவு இறக்கி, கொசுவலைத் துணியைக் கதவில் சிக்கவைத்து மூடிக்கொள்ளுங்கள்.

6. அடுப்பு

பியூட்டேன் கேன் போடும் ஒற்றை அடுப்பு இந்தப் பயணத்துக்குப் போதும். ஒரு கேன் 220 முதல் 230 கிராம். முழுத் தீயில் எரித்தால் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம் வரும். வெள்ளி மாலை டீ, சனி மூன்று வேளை, ஞாயிறு காலை டிபன் எல்லாம் சேர்த்தால் மூன்று மணி நேரம். இரண்டு கேன் சரியாகிறது, மூன்றாவது கைக்காவலுக்கு.

இதில் தவறு நடக்கும் இடங்கள்:

கேனின் கழுத்தில் ஒரு வெட்டு இருக்கும், அடுப்பில் ஒரு நாக்கு இருக்கும். இரண்டும் பொருந்தும்படி மாட்டினால்தான் ஆவி மட்டும் வரும். திருகி மாட்டினால் திரவமாகவே வாயு வந்து தீ ஓர் ஆள் உயரத்துக்கு எழும்பும்.

பெரிய தோசைக்கல், அகலமான அண்டா வைக்கக் கூடாது. பாத்திரத்தின் அடி ஏறக்குறைய 22 சென்டிமீட்டர் அகலத்தைத் தாண்டினால் சூடு திரும்பிக் கேன் இருக்கும் அறைமேல் விழும். இரண்டு அடுப்பை ஒட்டி வைப்பதும், காற்றுக்கு மறைப்பாகத் தகரத்தைச் சுற்றி வைப்பதும் இதே ஆபத்துதான். காற்று அடித்தால் இரண்டடி தள்ளி ஒரு பக்கம் மட்டும் மறையுங்கள்.

கேன் 50 டிகிரிக்கு மேல் சூடாகக் கூடாது. வெயிலில் பூட்டிய கார் அதை எளிதாகத் தாண்டும். வழியில் சாப்பிட நிறுத்தும்போது காரை நிழலில் விடுங்கள், போய்ச் சேர்ந்ததும் முதலில் கேன்களை இறக்குங்கள்.

பத்து டிகிரிக்குக் கீழே தீ சோம்பும், பூஜ்யத்தை நெருங்கினால் எரியவே எரியாது. கேனைக் கழற்றி வெதுவெதுப்பான தண்ணீரில் சிறிது நேரம் வைத்தால் சரியாகும். சுடுதண்ணீர் வேண்டாம்.

ஐந்து கிலோ சின்ன சிலிண்டர் கொண்டுபோகிறவர்கள் அதை நிமிர்த்தி, நகராதபடி கட்டி, ரெகுலேட்டரைக் கழற்றி மூடியைப் போட்டுத்தான் ஏற்ற வேண்டும். சின்ன காரில் ஆட்களோடு கொண்டுபோக அது தேவையில்லை என்பதே என் கருத்து.

மழை வந்தாலும் டென்ட்டுக்குள் சமைக்கக் கூடாது. அடுப்புக்கரித் தணலைக் குளிருக்காக உள்ளே எடுத்துப் போவது அதைவிட மோசம். தணல் சாம்பல் பூத்துத் தணிந்ததுபோல் தெரிந்தாலும் விஷவாயு வந்துகொண்டே இருக்கும். தூங்கினவர்கள் எழுந்திருக்கவே மாட்டார்கள்.

7. சாப்பாடும் தண்ணீரும்

முதல் ராத்திரி சமைக்கத் திட்டமிடாதீர்கள். டென்ட் போட்டு முடிப்பதற்குள் இருட்டிவிடும், குழந்தைகளுக்குப் பசி வந்துவிடும். புளியோதரையும், மிளகாய்ப்பொடி நல்லெண்ணெய் தடவிய இட்லியும், சப்பாத்தியும் தக்காளித் தொக்கும் வீட்டிலிருந்தே வரட்டும். தயிர்சாதம் என்றால் பாலை நிறைய ஊற்றி, தயிர் ஒரே ஒரு கரண்டி சேர்த்துப் பிசைந்தால் ராத்திரிக்குள் புளிக்காது.

ரவையை வீட்டிலேயே வறுத்து, கடுகு, கடலைப்பருப்பு, மிளகாய், கறிவேப்பிலை தாளித்துக் கலந்து டப்பாவில் போட்டுவிட்டால், ஒரு கப்புக்கு இரண்டரைக் கப் கொதிநீர் ஊற்றினால் பத்து நிமிடத்தில் உப்புமா. வெங்காயத்தை வெட்டிக்கொண்டு போகாதீர்கள், டிக்கி முழுக்க நாறும். மலையில் தண்ணீர் கொதிக்கும் வெப்பமே குறைவு: ஏலகிரியில் சுமார் 96 டிகிரி, ஊட்டியில் 93-க்குப் பக்கம். திறந்த பாத்திரத்தில் துவரம்பருப்பு லேசில் வேகாது, கேன்தான் தீரும். மூன்று லிட்டர் குக்கர் எடுத்துப் போங்கள், பருப்புக்குப் பாசிப்பருப்பு போதும்.

பால், முட்டை, கறிக்கு ஐஸ் பெட்டி. முதல் நாள் ராத்திரியே ஒரு லிட்டர் எவர்சில்வர் பாட்டில்களில் முக்கால் பாகம் தண்ணீர் நிரப்பி ஃப்ரீசரில் வைத்தால் அதுவே ஐஸ், உருகினால் குடிதண்ணீர். சின்னச் சின்னக் கட்டிகள் அரை நாளில் கரைந்துவிடும். பெட்டியை வெயில்படும் பக்கம் வைக்காதீர்கள். கறியை மசாலா தடவி உறையவைத்துக் கொண்டுபோனால் சனி மதியத்துக்குள் சமைத்துவிடுங்கள், அதற்குமேல் வைக்க வேண்டாம்.

குடிக்க ஆளுக்கு நாளொன்றுக்கு மூன்று லிட்டர். நாலு பேர், இரண்டு நாள், 24 லிட்டர். சமையலுக்கும் சேர்த்து 40 லிட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள், கழுவக் குளிக்க முகாமின் குழாய். கடையில் விற்கும் 20 லிட்டர் கேனைப் படுக்கப்போட்டால் மூடி வழியாகக் கசிந்து படுக்கையெல்லாம் நனையும். அடியில் குழாய் வைத்த, திருகு மூடியுள்ள கேன் இரண்டு வாங்கிவிடுங்கள்.

8. வெளிச்சமும் சார்ஜும்

பெரியவர்கள் இருவருக்கும் தலையில் மாட்டும் டார்ச் ஒவ்வொன்று. இரண்டு கையும் வேலைக்கு வேண்டும், போன் டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு முளை அடிக்க முடியாது. சமைக்கிற இடத்துக்கு ஒரு தொங்கும் விளக்கு. மஞ்சள் ஒளியாக இருந்தால் பூச்சி குறைவாக வரும். உட்காருகிற இடத்திலிருந்து பத்தடி தள்ளி மாட்டுங்கள்.

20,000 எம்.ஏ.எச். பவர் பேங்க் என்றால் 5,000 எம்.ஏ.எச். போனை நாலு தடவை ஏற்றலாம் என்று தோன்றும். மின்னழுத்தம் மாறும்போது இழப்பு போக, இரண்டரை தடவைதான் வரும். குடும்பத்துக்கு ஒன்று போதும், காரிலும் ஏற்றிக்கொள்ளலாம், ஆனால் வண்டி ஓடும்போது மட்டும். சின்ன காரின் பேட்டரி 35 ஆம்பியர்-மணி அளவுதான். டிக்கியையும் கதவையும் திறந்து வைத்து, உள்விளக்கு எரிய, பாட்டும் ஓடிக்கொண்டிருந்தால் காலையில் ஸ்டார்ட் ஆகாது. உள்விளக்கு சுவிட்சை முழுவதும் அணைத்து வையுங்கள். ஜம்பர் கேபிள் ஒன்று காரில் இருக்கட்டும். சிவப்பை முதலில் செத்த பேட்டரியின் பிளஸ்ஸில், அடுத்த முனையை நல்ல பேட்டரியின் பிளஸ்ஸில். கறுப்பை நல்ல பேட்டரியின் மைனஸில், கடைசி முனையை செத்த வண்டியின் இன்ஜின் இரும்பில், பேட்டரியிலிருந்து தள்ளி. கழற்றும்போது இதற்கு நேரெதிர் வரிசை.

9. ஏற்றுவதும் மலை ஏறுவதும்

கடைசியாக இறங்க வேண்டியது முதலில் உள்ளே போக வேண்டும். துணிப்பைகளும் சமையல் பாத்திரமும் அடியில், படுக்கை நடுவில், டென்ட், தார்ப்பாய், சுத்தியல், டார்ச் டிக்கியைத் திறந்ததும் கைக்கு எட்டும்படி. மழையில் போய் இறங்கினால் இந்த வரிசையின் அருமை புரியும். தண்ணீர் கேன் இரண்டும் 40 கிலோ; அவற்றைப் பின்சீட் முதுகை ஒட்டித் தாழ வையுங்கள். பின்கண்ணாடியை மறைத்து அடுக்காதீர்கள். ஸ்டெப்னி எடுக்க எல்லாவற்றையும் இறக்க வேண்டிவரும் என்பதால், ஸ்டெப்னிக் காற்றைக் கிளம்புமுன்பே பார்த்துவிடுங்கள். ஓட்டுநர் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் தாளில் முழு பாரத்துக்கான காற்றழுத்தம் தனியாகப் போட்டிருக்கும், அதைப் பிடியுங்கள்.

மலையில் ஏறுகிற வண்டிக்குத்தான் முன்னுரிமை. எந்த கியரில் ஏறினீர்களோ அதே கியரில் இறங்குங்கள். பிரேக்கை அழுத்திக்கொண்டே இறங்கினால் தீய்ந்த வாடை வரும். வந்தால் பாதுகாப்பான இடத்தில் நிறுத்தி அரை மணி ஆறவிடுங்கள், சக்கரத்தில் தண்ணீர் ஊற்றாதீர்கள். குழந்தைகளுக்கு மலை ஏறுமுன் வயிறு முட்ட எதுவும் கொடுக்க வேண்டாம், போன் பார்க்கவும் விட வேண்டாம்.

10. போய் இறங்கியதும்

மாலை 4 மணிக்குள் அங்கே இருக்க வேண்டும், அதாவது சென்னையிலிருந்து காலை 9 மணிக்குள் கிளம்புங்கள். ஆறு மணி வாக்கில் இருட்டிவிடும்.

முதலில் தலையை நிமிர்த்திப் பாருங்கள். தென்னை மரத்தடி, பட்டுப்போன கிளை, பலாமரம், மின்கம்பி இருந்தால் தள்ளிப் போங்கள். பிறகு தரை: மழைநீர் ஓடிய தடம், குழி, எறும்புப் புற்று, எலி வளை. சற்றே மேடாக உள்ள இடம் நல்லது. லேசான சரிவென்றால் தலை மேட்டுப் பக்கம் வரும்படி போடுங்கள். கல்லைப் பொறுக்கிவிட்டு அடியில் ஒரு பிளாஸ்டிக் விரிப்பு. அது டென்ட்டுக்கு வெளியே ஒரு விரல்கூடத் தெரியக் கூடாது. வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் மழைநீரை வாங்கி அடியில் கொண்டுபோய்த் தேக்கும்.

முளையின் தலை டென்ட்டை விட்டு வெளிப்பக்கம் சாய்ந்திருக்கும்படி 45 டிகிரியில் அடியுங்கள். மழைத்துணி உள்துணியில் எங்கும் ஒட்டக் கூடாது. ஒட்டிய இடத்தில்தான் ஈரம் ஊறும். நைலான் நனைந்தால் தளரும், படுக்கப் போகுமுன் கயிறுகளை இன்னொரு முறை இழுத்துக் கட்டுங்கள். ஒவ்வொரு கயிற்றிலும் வெள்ளைத் துணி ஒன்று முடிந்துவிட்டால் ராத்திரி யாரும் தடுக்கி விழமாட்டார்கள். தார்ப்பாயை ஒரு மூலை தாழ்வாக வரும்படி கட்டினால் தண்ணீர் அந்தப் பக்கமாக ஓடிவிடும். மட்டமாகக் கட்டினால் நடுவில் தேங்கிக் கிழியும். கயிற்றைக் காரின் பக்கக் கண்ணாடியில் கட்டாதீர்கள்.

11. ராத்திரி

சாப்பாட்டுப் பொருள் ஒன்றுகூட டென்ட்டுக்குள் இருக்கக் கூடாது, பிஸ்கட், வாழைப்பழம், குழந்தையின் பால்பாட்டில் உட்பட. எல்லாம் காருக்குள், கண்ணாடி ஏற்றி. பகலில் குரங்கு, ராத்திரி நாய், பன்றி, எலி. யானை நடமாட்டமுள்ள இடம் என்றால் டென்ட்டே போடாதீர்கள். பழவாசனைக்கும் உப்புக்கும் அது தூரத்திலிருந்து வரும். காட்டுமாடு அமைதியாக மேய்வதைப் பார்த்து செல்ஃபி எடுக்கப் பக்கத்தில் போகக் கூடாது.

டென்ட் ஜிப்பை எப்போதும் மூடியே வையுங்கள். செருப்பை, ஷூவை வெளியே விட்டால் காலையில் கவிழ்த்து உதறிவிட்டுப் போடுங்கள். ராத்திரி கழிப்பறைக்கு டார்ச் இல்லாமல், செருப்பு இல்லாமல் ஓரடிகூட வைக்க வேண்டாம். பாம்பு கடித்துவிட்டால் கீறவோ இறுகக் கட்டவோ கூடாது. கடிபட்ட கையோ காலோ அசையாமல் வைத்து 108-ஐக் கூப்பிட்டு அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும். அருகிலுள்ள அரசு மருத்துவமனை எங்கே, ராத்திரி எந்த வழி என்று போன அன்றே முகாம்காரரிடம் கேட்டு வையுங்கள், சிக்னல் எங்கே கிடைக்கும் என்பதையும்.

மருந்துப்பையில்: பாராசிட்டமால் (குழந்தைக்கானது தனியாக), ஓ.ஆர்.எஸ்., தீக்காயக் களிம்பு, பிளாஸ்திரி, கட்டுத்துணி, கொசுவிரட்டிக் களிம்பு, வழக்கமாகச் சாப்பிடும் மாத்திரைகள் ஒரு நாள் கூடுதலாக.

இடியோடு மழை வந்தால் யோசிக்காமல் எல்லாரும் காருக்குள். டென்ட் மின்னலைத் தடுக்காது.

12. செலவு

விலை ஊருக்கும் கடைக்கும் மாறும், கையில் வைத்துக்கொள்ள ஒரு தோராயம்: டென்ட் 7,000, ஃபோம் விரிப்பு நாலு 2,400, அடுப்பு 2,000, கேன் மூன்று 600, டார்ச், விளக்கு 1,500, தார்ப்பாய், கயிறு, முளை 1,200. ஏறக்குறைய 15,000 ரூபாய், ஒரு தடவை போடும் பணம். பயணத்துக்கு, 500 கிலோமீட்டருக்கு லிட்டருக்கு 15 என்று வைத்தால் 33 லிட்டர் பெட்ரோல், சுமார் 3,400. இதோடு சுங்கம், முகாம் வாடகை, மளிகை.

முடிந்தால் முதல் தடவை டென்ட்டை மட்டும் வாடகைக்கோ நண்பரிடமோ வாங்கிப் பாருங்கள். வீட்டில் எல்லாருக்கும் பிடித்த பிறகு வாங்கலாம். விரிப்பில் மட்டும் சிக்கனம் வேண்டாம். மடக்கு மேசை, கூரைமேல் சாமான் கட்டும் கேரியர், சூரிய ஒளி சார்ஜர் இவையெல்லாம் முதல் மூன்று பயணத்துக்குத் தேவையே இல்லை.

13. கிளம்பும்போதும் வீட்டுக்கு வந்தும்

குப்பைக்கு இரண்டு சாக்கு: ஒன்று மக்குவது, ஒன்று மக்காதது. காலி பியூட்டேன் கேனைத் தீயில் போடவே கூடாது. தீ மூட்டியிருந்தால் தண்ணீர் ஊற்றிக் கிளறி, மறுபடி ஊற்றி, புறங்கையைக் கிட்டே வைத்துப் பார்த்துச் சூடு இல்லையென்றால்தான் கிளம்ப வேண்டும். முளைகளை எண்ணி எடுங்கள். புல்லில் மறந்துவிட்ட ஒன்று அடுத்து வரும் குழந்தையின் காலில் ஏறும்.

காலைப் பனியில் டென்ட் நனைந்துதான் இருக்கும். ஈரத்தோடு சுருட்டி அப்படியே பரணில் போட்டால் இரண்டு மூன்று நாளில் பூஞ்சை பிடித்துக் கறுப்புப் புள்ளி விழும், அது எதற்கும் போகாது. நாளாவட்டத்தில் உள்பூச்சும் பிசுபிசுத்து உரியும். வந்த அன்றே, எவ்வளவு அலுப்பாக இருந்தாலும், கொடியில் நிழலில் விரித்துப் போட்டு மறுநாள் நன்றாகக் காய்ந்ததும் மடியுங்கள். கம்பு, முளை, கயிறு மூன்றையும் தனிப்பையில் போட்டு, எத்தனை இருக்கின்றன என்று எழுதிய ஒரு சீட்டை உள்ளே வைத்துவிடுங்கள்.